அப்புறம்?

மேசை நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, 18 பேர் வட்டமாக நின்று, இல்லாத ஒரு பந்தை ஒருவருக்கொருவர் எறிந்து பிடித்துக்கொண்டிருந்தோம். சென்னை ஓ.எம்.ஆரில் ஏழாவது மாடி, வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி. “சிவப்புப் பந்து” என்று சொல்லி எறிய வேண்டும். பிடிப்பவர் “சிவப்புப் பந்து, நன்றி” என்று சொல்லிப் பிடிக்க வேண்டும். அப்புறம் ஒரு பச்சைப் பந்து உள்ளே வரும், அப்புறம் ஒரு பூனை, அப்புறம் கொதிக்கிற குழம்புச் சட்டி. கண்ணாடிச் சுவருக்கு வெளியே காபிக் கோப்பையோடு போன பக்கத்து டீம்காரர்கள் நின்று பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு 42 வயது. இரண்டு வாரமாக முழங்கால் வலி வேறு. யாரோ எறிந்த பூனையை நான் தவறவிட்டு எல்லாரும் “ஐயோ” என்றபோது, இம்ப்ரோவ் பயிற்சி என்று ஹெச்.ஆர் அனுப்பிய மின்னஞ்சலில் ‘தளர்வான உடை அணிந்து வரவும்’ என்று பார்த்த அன்றே லீவு போட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

இம்ப்ரோவ் எனக்குப் புதிது இல்லை. எழுதிவைத்த வசனம் கிடையாது, ஒத்திகை கிடையாது, மேடையில் நின்ற இடத்திலேயே கதை கட்டுகிறார்கள். யூடியூபில் நிறையப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அதை ஆபீசுக்குள் கொண்டுவந்து ‘கம்யூனிகேஷன்’ வளர்க்கிறோம் என்று சொல்வதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. சமையல் தெரியாதவனுக்குப் பசி வந்தால் சமைக்க வந்துவிடும் என்பது மாதிரி இருந்தது. இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. என் அபிப்பிராயம் இன்னும் முழுதாக மாறவில்லை. ஆனால் அன்றைக்குப் பிற்பகலில் நடந்த ஒரு ஐந்து நிமிடம் மட்டும் முள் மாதிரி உள்ளேயே கிடக்கிறது. அதை எழுதித் தீர்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நானே எழுதிய ஒரு வரி

பயிற்சிக்கு மூன்று மாதம் முன்னால் ஒரு ரிலீஸ் சொதப்பியது. வெளிநாட்டுக் கடைச் சங்கிலி ஒன்றின் பில்லிங் மென்பொருள். பணம் கட்டும் பக்கத்தில் நேரம் முடிந்து, வாடிக்கையாளர் பின்னால் போய் மறுபடி உள்ளே வந்தால் தள்ளுபடி இரண்டு தடவை கழிந்துவிடும். சனிக்கிழமை இரவு 11 மணிக்கு போன் வந்தது. ஞாயிறு முழுக்கத் தூங்கவில்லை. திங்கட்கிழமை ஆர்.சி.ஏ, அதாவது பிழை ஏன் வந்தது என்கிற அறிக்கை, எழுத உட்கார்ந்தோம். மூல காரணம் என்ற கட்டத்தில் ‘டெஸ்டிங் அணிக்கும் டெவலப்மென்ட் அணிக்கும் இடையே தகவல் தொடர்பு இடைவெளி’ என்று எழுதியவன் நான்தான். அதைப் படித்த மேலிடம், அப்படியானால் தகவல் தொடர்புப் பயிற்சி கொடுங்கள் என்று ஹெச்.ஆருக்குச் சொன்னது. இல்லாத பந்தை நான் எறிய நேர்ந்தது இப்படித்தான்.

இடைவெளி என்பது மரியாதையான வார்த்தை. நடந்தது வேறு. ரிலீஸுக்கு முந்தின நாள் கான்ஃபரன்ஸ் கால் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் டெஸ்டர், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆன பெண், “இன்னொரு விஷயம் இருக்கு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன்” என்று ஆரம்பித்தார். கிளையன்ட் லைனில் இருக்கிறார், நேரம் போய்க்கொண்டிருக்கிறது. “நல்ல பாயின்ட், அதை அப்புறம் தனியா பேசிக்கலாம்” என்றேன். அவர் “ஓகே” என்று மைக்கை அணைத்தார். அந்த அப்புறம் வரவே இல்லை. அவர் மறுபடி கேட்கவில்லை, நானும் கூப்பிடவில்லை. ஆர்.சி.ஏயில் இதை எழுத ஒரு கட்டமும் இல்லை. இருந்திருந்தாலும் எழுதியிருப்பேனா என்றால், மாட்டேன்.

சிரிப்புக்காக வந்தது இல்லை

பெங்களூரிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் முப்பது வயசுகூட இருக்காது. நான் முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தோ என்னவோ, டீ இடைவேளையில் பக்கத்தில் வந்து, “இது காமெடிக்காகக் கண்டுபிடிச்சது இல்ல சார், தெரியுமா?” என்றார். எனக்குத் தெரியாது. பிறகு நானே தேடிப் படித்தேன். சிகாகோவில் ஹல் ஹவுஸ் என்று ஒரு இடம். பல தேசங்களிலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பங்கள் நிறைந்த பகுதியில், அவர்களுக்கென்றே நடந்த சமூக மையம். அங்கே நீவா பாய்டு என்ற ஆசிரியை, விளையாட்டு வழியாகவே குழந்தைகளுக்குக் கூடி வாழக் கற்றுக்கொடுக்கலாம் என்று வேலை செய்துகொண்டிருந்தார். அவரிடம் பயின்றவர் வயோலா ஸ்போலின். 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் அமெரிக்க அரசு நடத்திய வேலைவாய்ப்புத் திட்டத்தின்கீழ், 1939 முதல் சிகாகோவில் நாடகப் பிரிவை மேற்பார்வை பார்த்தார். வந்த குழந்தைகளுக்குத் தாய்மொழி வேறு வேறு, வீட்டுப் பழக்கம் வேறு வேறு. வசனத்தைக் கொடுத்து நடி என்றால் நடக்காது. அதனால் விளையாட்டாக மாற்றினார். பந்தைப் பிடி, அவ்வளவுதான். பந்து மேல் கவனம் போனதும் தன் மேல் இருக்கிற கூச்சம் கழன்றுவிடுகிறது.

ஸ்போலினின் மகன் பால் சில்ஸ், அம்மாவின் விளையாட்டுகளை எடுத்துக்கொண்டு போய் 1955-இல் காம்பஸ் என்ற குழுவிலும், 1959-இல் தொடங்கிய செகண்ட் சிட்டியிலும் நடிகர்களுக்குக் கொடுத்தார். நகைச்சுவை அங்கேதான் வந்து ஒட்டிக்கொண்டது. அந்த செகண்ட் சிட்டியே இன்று கம்பெனிகளுக்குப் பயிற்சி கொடுக்கத் தனியாக ஒரு பிரிவு வைத்திருக்கிறது. ஆக, ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாத குழந்தைகளுக்காகச் செய்த விளையாட்டு, மேடைக்குப் போய், சுற்றிக்கொண்டு எங்கள் ஏழாவது மாடிக்கு வந்திருக்கிறது. ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாதவர்கள் என்ற அளவில் பொருத்தமான இடத்துக்குத்தான் வந்திருக்கிறது.

ஸ்போலின் சொல்கிற இன்னொரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. நாம் எதையாவது செய்யும்போது பாதி கவனம் ‘சபாஷ்’ வாங்குவதிலும் மீதி ‘தப்பு’ என்று சொல்லிவிடுவார்களோ என்பதிலும் போய்விடுகிறது, செய்கிற காரியத்துக்கு மிச்சமே இல்லை என்பது அவருடைய முறையீடு. பள்ளிக்கூடத்தில் ‘ராங்க் ஷீட்’ வாங்கி, ஆபீசில் ‘அப்ரைசல்’ வாங்குகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணாடி விளையாட்டு. இருவர் எதிரெதிராக நின்று, ஒருவர் அசைவதை மற்றவர் அப்படியே செய்ய வேண்டும். நடிகர் ஆலன் ஆல்டா, நியூயார்க்கின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் 2009-இல் தொடங்கிய அறிவியல் தொடர்பு மையத்தில் விஞ்ஞானிகளுக்குக்கூட இதைத்தான் வைத்தார். என் எதிரில் நின்றவரால் என் கையைப் பிடிக்கவே முடியவில்லை, ஒவ்வொரு முறையும் பின்தங்கினார். “கொஞ்சம் வேகமா பண்ணுப்பா” என்று சொல்லிவிட்டேன். பயிற்சியாளர் வந்து, எதிராளி பின்தங்கினால் தப்பு முன்னால் போகிறவர் மேல்தான் என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கான்ஃபரன்ஸ் கால்களில் நான் வேகமாகப் பேசுவேன் என்பது டீமில் எல்லாருக்கும் தெரியும்.

வீட்டு ஓனர்

பிற்பகலில்தான் அது நடந்தது. கீத் ஜான்ஸ்டன் என்று ஒரு இங்கிலாந்துக்காரர். லண்டன் ராயல் கோர்ட் நாடக அரங்கில் வேலை பார்த்து, பிறகு கனடாவின் கால்கரிக்குப் போய் 1977-இல் லூஸ் மூஸ் என்ற நாடகக் குழுவை ஆரம்பித்தவர். 2023-இல் காலமானார். அவருடைய கண்டுபிடிப்பு என்று சொல்லக்கூடியது மேல்கை, கீழ்க்கை விளையாட்டு. அவர் வைத்த பெயர் ஸ்டேட்டஸ். ஒருவருடைய பதவி அல்ல அது, அந்த நிமிடத்தில் அவர் செய்வது. பேசும்போது தலையை அசைக்காமல் வைத்திருந்தால் மேல்கை. அடிக்கடி முகத்தைத் தொட்டால் கீழ்க்கை. இருவர் சந்தித்தால் சீசா பலகை மாதிரி, ஒருவர் ஏறினால் மற்றவர் இறங்குவார். வேலைக்காரன் மேலேயும் ராஜா கீழேயும் போகலாம், கூட்டம் அதைத்தான் ரசிக்கும். இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஊர்த் திரௌபதியம்மன் திருவிழாக் கூத்தில் வருகிற கட்டியங்காரன் ஞாபகம் வந்தது. கிரீடமும் புஜக்கட்டையுமாகத் துரியோதனன் வந்து நிற்பான். இவன் கோமாளி உடுப்போடு, “யாருய்யா நீ, எந்த ஊரு?” என்பான். அந்த வாரம் ஊரில் நடந்த சங்கதிகளை எல்லாம் ராஜாவின் தலையில் கட்டுவான். எழுதிவைத்த வசனம் ஏது? விடிய விடிய நடக்கும்.

பயிற்சியாளர் என்னையும் அந்த டெஸ்டரையும் கூப்பிட்டார். எங்கள் இருவருக்கும் நடுவில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. டெஸ்டர் வீட்டு ஓனர். நான் வீட்டைக் காலி செய்யப்போகிறவன், அட்வான்ஸைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறேன். ஓனர் மேலே, நான் கீழே. அதுவரை எல்லாம் ஆங்கிலத்தில் நடந்துகொண்டிருந்தது. அவரும் ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தார், “ப்ளீஸ் கம் இன் சார்” என்று. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பயிற்சியாளர் நிறுத்தி, “உங்க ஹாஸ்டல் ஓனர் உங்களை சார், மேடம்னா கூப்பிடுவாங்க? எந்த மொழியில பேசுவாங்களோ அதுலயே பேசுங்க” என்றார்.

ஆங்கிலத்தில் ‘யூ’ என்று ஒன்றை வைத்துக்கொண்டு யாரிடம் வேண்டுமானாலும் பேசிவிடலாம். தமிழில் வாயைத் திறந்த முதல் சொல்லிலேயே நீயா நீங்களா, வாவா வாங்களா என்று முடிவு செய்தாக வேண்டும். ஜான்ஸ்டன் தலையசைப்பிலும் முகத்தைத் தொடுவதிலும் தேடிப் பிடித்ததை நாம் வினைமுற்றிலேயே வைத்திருக்கிறோம். ஆபீசில் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இருக்கிறது, அதனால் நாமெல்லாம் சமம் என்று எங்கள் நிர்வாகம் நம்புகிறது. ஆங்கிலத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்ட அதே பெண் தமிழுக்கு மாறினால் நான் அவருக்கு ‘நீங்க’, அவர் எனக்கு ‘நீ’. இது எந்தப் பாலிசியிலும் இல்லை.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு நாற்காலி இல்லை. இல்லாத செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமல், “என்னப்பா?” என்றார்.

என் கைகள் தாமாக முன்னால் வந்து கட்டிக்கொண்டன. “மேடம், அந்த அட்வான்ஸ் விஷயமா…”

“எந்த அட்வான்ஸு?”

“இந்த மாசத்தோட காலி பண்றோம்னு சொல்லியிருந்தேனே மேடம். பத்து மாச அட்வான்ஸ்.”

“பெயின்ட் அடிக்க ஒரு மாச வாடகை போயிரும். கிச்சன்ல சிங்க் வேற உடைஞ்சிருக்கு.”

“சிங்க் நாங்க வரும்போதே விரிசல் விட்டிருந்தது மேடம். போட்டோகூட எடுத்து வச்சிருக்கேன்.” இல்லாத கைபேசியை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. பக்கத்தைப் புரட்டினார்.

“நல்ல பாயின்ட். அதை அப்புறம் தனியா பேசிக்கலாம்.”

அறையே அதிர்ந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு வீட்டு ஓனருக்கானது இல்லை என்று எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. அந்தக் குரல் என்னுடையது. ‘நல்ல பாயின்ட்’டில் சின்னதாக ஒரு ஏற்றம், ‘பேசிக்கலாம்’ என்று சொல்லும்போதே கண் அடுத்த ஸ்லைடுக்குப் போவது. மற்ற பதினேழு பேருக்கும் தெரிந்த குரல், எனக்கு மட்டும் தெரியாது. நான் போட்டோவை நீட்டிய கையோடு நின்றுகொண்டிருந்தேன். அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நடிப்பில் தடுமாறுவது வேறு, இது வேறு. அந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்ல இடமே இல்லை. திட்டினாலும் திருப்பிப் பேசலாம். நல்ல பாயின்ட் என்று பாராட்டி அனுப்பிவிட்டால் என்ன செய்வது? “ஓகே மேடம்” என்றேன். அவரும் அன்றைக்கு ஓகே என்றுதான் சொன்னார்.

மாலை கேன்டீனில், வேண்டுமென்றுதான் சொன்னாயா என்று கேட்டேன். அவர் பதறிப்போய், “ஐயோ இல்ல, யோசிக்கவே இல்ல, அதுவா வந்துருச்சு” என்றார். வேண்டுமென்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. ‘புத்திசாலித்தனமாக எதுவும் யோசிக்காதே, முதலில் வாயில் வருவதைச் சொல்’ என்பதுதான் ஜான்ஸ்டன் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம். ஓனர் என்றதும், மேல்கை என்றதும், அவர் வாயில் முதலில் வந்தது நான்.

ஆமாஞ்சாமிகளுக்கு எதற்கு ஆமாம்?

இம்ப்ரோவில் எல்லாரும் முதலில் சொல்லித்தருகிற விதி ‘யெஸ், அண்ட்’. எதிரில் இருப்பவர் சொன்னதை ஏற்றுக்கொள், அதோடு ஒன்றைச் சேர். தமிழில் சொன்னால் ‘ஆமாம், அப்புறம்’. இதைக் கேட்டதும் நமக்குப் புதிதாக எதுவும் தோன்றாததற்குக் காரணம் உண்டு. வில்லுப்பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ‘ஆமா’ போடுவதோடு நிற்பதில்லை, கூட்டம் கேட்க நினைக்கிற கேள்வியை எடுத்துக் கொடுப்பார், கதை அதில்தான் நகரும். என் பாட்டி கதை சொல்லும்போது ‘ம்’ கொட்டாவிட்டால் பாதியில் நிறுத்திவிடுவாள். “ம்… அப்புறம்?” என்றால்தான் நரி கிணற்றுக்குள் இறங்கும்.

ஆனால் ஆபீசில் ‘ஆமாம்’ என்ன பாடு படுகிறது என்று நமக்குத் தெரியும். ஆமாம் போடுகிறவனுக்கென்றே நம் மொழியில் ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. பயிற்சி முடிந்து இரண்டே வாரத்தில் பேன்ட்ரி சுவரில் ‘யெஸ், அண்ட்’ போஸ்டர் ஒட்டினார்கள். அடுத்த மாதம் ஒரு திட்டத்துக்கு ஆறு வாரம் போதாது என்று ஒருவர் கணக்கோடு சொன்னபோது, மேலே இருந்த ஒருவர் அந்த போஸ்டரைக் கைகாட்டி, “நோ சொல்லக் கூடாது, யெஸ் அண்ட் சொல்லுங்க” என்றார். எல்லாரும் சிரித்தோம், ஆறு வாரம் ஆறு வாரமாகவே நின்றது. இது விதியைத் தலைகீழாகப் புரிந்துகொண்டது. மேடையில் ஏற்றுக்கொள்ளச் சொல்வது அந்தக் காட்சியின் நிஜத்தை, எதிராளியின் கோரிக்கையை இல்லை. சிங்க் உடைந்திருக்கிறது என்று ஓனர் சொன்னால், ‘இந்த வீட்டில் சிங்கே கிடையாதே’ என்று குடியிருப்பவர் சொன்னால்தான் விளையாட்டு செத்துப்போகும். சிங்க் உண்டு, விரிசலும் உண்டு, ஆனால் காசு தர மாட்டேன் என்று தாராளமாகச் சண்டை போடலாம். ஆறு வாரம் போதாது என்பது டெவலப்பர் முன்வைத்த நிஜம். அதை ஏற்றுக்கொண்டு அப்புறம் என்று கேட்டிருக்க வேண்டியவர் மேலே இருந்தவர்தான்.

அதனால்தான் என் சந்தேகம் தீரவில்லை. 2020-இல் வந்த ஒரு ஆய்வில், 20 நிமிடம் இம்ப்ரோவ் செய்தவர்களுக்குப் பல வழிகளில் யோசிப்பதும், அடுத்து என்ன என்று தெரியாத நிலையைத் தாங்குவதும் கூடியிருந்தது என்று கண்டார்கள். இருக்கட்டும். நானும் அன்றைக்குச் சாயங்காலம் இறகு மாதிரிதான் வீட்டுக்குப் போனேன். ஆனால் திங்கட்கிழமை அதே மேசை, அதே நாற்காலி, அப்ரைசல் எழுதுவதும் அதே ஆள். கீழே இருப்பவரிடம் ‘தயங்காமல் பேசு’ என்று பயிற்சி கொடுத்துவிட்டு, மேலே இருப்பவர் வட்டத்தில் வந்து நிற்காமல் கண்ணாடிக்கு வெளியே காபி குடித்துக்கொண்டிருந்தால் இந்தச் செலவு தண்டம். எங்கள் டெலிவரி ஹெட் தொடக்கவுரை ஆற்றிவிட்டு, கால் இருக்கிறது என்று போய்விட்டார். அவர் இருந்திருந்தால் யார் அவருக்கு ஓனராக நடித்திருப்பார்கள் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

என்னளவில் ஒன்றே ஒன்று செய்தேன். நம் மொழியில் ‘அப்புறம்’ ஒரே சொல்தான், கேள்வியாகக் கேட்டால் கதவைத் திறக்கிறது, வாக்கியத்தில் வைத்தால் சாத்துகிறது. யாராவது “இன்னொரு விஷயம்” என்று ஆரம்பித்தால் நான் கேள்வியாக மட்டும் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். கால்கள் பத்து நிமிடம் நீண்டன. சொல்லப்பட்ட இன்னொரு விஷயங்களில் பாதிக்கு மேல் ஒன்றுமில்லாதவை. ஒருவர் ஒரு பட்டனின் நீலத்தைப் பற்றி ஏழு நிமிடம் பேசினார். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். இரண்டு தடவை உருப்படியான பிழை வந்தது. அதை இந்தப் பயிற்சியின் வெற்றி என்று சொல்ல மாட்டேன். அந்த நாளுக்கு முன்னாலேயே ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார், கேட்கத்தான் ஆள் இல்லை.

அந்த டெஸ்டர் இப்போது டெஸ்டிங் லீட். போன மாதம் ஒரு ரிலீஸ் கால், கிளையன்ட் லைனில். ஜனவரியில் சேர்ந்த பையன் ஒருவன், “ஒரு டவுட்டு, ரீஃபண்ட் ஸ்கிரீன்ல…” என்று இழுத்தான். நான் ‘அப்புறம்?’ என்று கேட்க மைக்கைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். “நல்ல பாயின்ட், அதை அப்புறம் தனியா பேசிக்கலாம்.” அச்சு அசலாக அதே ஏற்றம். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை நிமிடம் இருக்கும், பையனுக்கும் எனக்கும் ஒரு காலண்டர் அழைப்பு வந்து விழுந்தது. அன்றைக்கே, 3:15 மணிக்கு, கால் மணி நேரம். தலைப்பு: சிங்க்.

பையன் எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்பினான். “அண்ணா, எந்த சிங்க்? டேட்டா சிங்க்கா?”